எட்டு ஆங்ஸ்ட்ராமில் அடங்காதது

புரதங்களின் வடிவம் என்ற அரைநூற்றாண்டுப் புதிர் அவிழ்ந்துவிட்டது என்று இன்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. புரத வடிவங்களைக் கணிப்பதற்கான காஸ்ப் போட்டியின், 2020இல் நடந்த 14ஆம் சுற்றில் ஆல்ஃபாஃபோல்ட் 2 காட்டிய துல்லியத்தை அதற்கு முன் எந்தக் கணினி முறையும் நெருங்கியதில்லை. 2022 ஜூலையில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியாயின. 2024இல் டேவிட் பேக்கர், டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் மூவரும் வேதியியல் நோபலைப் பெற்றார்கள். அந்தச் சாதனையோடு எனக்கு வழக்கில்லை. அதன் நிழலில் வளர்ந்து, இப்போது பாடமாகவே நடத்தப்படும் வேறொரு கருத்தோடுதான் வழக்கு.

அந்தக் கருத்து இது: வடிவம் கைக்கு வந்துவிட்டால், புரதத்துக்குள் எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது என்பது வெறும் கணக்கு. அணுக்களின் இடங்கள் கோப்பில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கணினி சொல்லும். ஓர் எல்லைக்குள் வந்தால் தொடுகை, வராவிட்டால் இல்லை. இந்தத் தொடுகைகளைக் கூட்டினால் புரதம் எதனால் நிலைத்து நிற்கிறது, எங்கே மருந்து பற்றும், எந்த மரபணுப் பிழை நோயாகும் என்பதெல்லாம் தானாக வெளிப்படும் என்பது அதன் நீட்சி. மாணவர்களின் ஆய்வேடுகளில் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். கோப்பை இறக்குகிறார்கள், ஒவ்வொரு அமினோ அமிலத்தின் பீட்டா கார்பனிலிருந்தும் (பக்கச் சங்கிலியின் முதல் கார்பன்) மற்றவற்றின் பீட்டா கார்பனுக்குத் தூரம் காண்கிறார்கள், 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் கறுப்புப் புள்ளி. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு.) பிறகு அந்தப் புள்ளிகளை வலையாக இணைத்து, அதிக இணைப்புள்ள அமினோ அமிலத்தை ‘முக்கியமானது’ என்று அறிவிக்கிறார்கள். ஏன் 8, ஏன் பீட்டா கார்பன் என்ற கேள்விக்கு அந்த ஏடுகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

இது தவறு. தொடுகை என்பது கோப்பில் எழுதிவைக்கப்பட்ட உண்மை கிடையாது. ஒரு கேள்வியை மனதில் வைத்து ஆய்வாளர் எடுக்கும் முடிவு. கேள்வியை மறந்துவிட்டு முடிவை மட்டும் கடன் வாங்கினால் எண்கள் கிடைக்கும், அறிவு கிடைக்காது.

இதை மற்ற எவரையும்விட நாம் நன்றாக அறிந்திருக்க வேண்டும். காரணம், இந்தத் துறையின் அடித்தளத்தில் ஒரு பகுதி சென்னைப் பல்கலைக்கழகத்தில் போடப்பட்டது. அதுவும் தொடுகை பற்றிய ஒரு சண்டையிலிருந்து. 1954இலும் 1955இலும் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு மூன்று சங்கிலிகள் முறுக்கிய வடிவத்தை நேச்சர் இதழில் முன்வைத்தார்கள். ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதில் குறை கண்டார்கள்: சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன, அந்த நெருக்கம் இயற்கையில் நடக்காது என்றார்கள். எவ்வளவு நெருக்கம் அளவுக்கு மீறியது? அந்தக் கேள்விக்கு அன்று ஒழுங்கான விடை யாரிடமும் இல்லை.

ராமச்சந்திரன் விடையைத் தேடிப் போன விதம்தான் இங்கே முக்கியம். வசதியான ஓர் எண்ணை அவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை. அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள், அவற்றை ஒத்த சேர்மங்கள் ஆகியவற்றின் வெளியான படிக அமைப்புகளை எல்லாம் அலசி, எந்த வகை அணு எந்த வகை அணுவை உண்மையில் எவ்வளவு தூரம் வரை நெருங்குகிறது என்று பட்டியல் போட வைத்தார். கார்பனுக்கும் கார்பனுக்கும் ஓர் அளவு, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் வேறோர் அளவு, ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இன்னோர் அளவு. ஒவ்வொன்றிலும் இரண்டு எல்லைகள்: வழக்கமாகக் காணப்படுவது ஒன்று, அரிதாக, கடைசி வரம்பாகக் காணப்படுவது மற்றொன்று. கார்பன் இணைக்கு அவை 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம், ஹைட்ரஜன் இணைக்கு 2.0, 1.9. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எங்கே ஒரு புரத வடிவம் தீர்க்கப்பட்டாலும், அதன் முதன்மைச் சங்கிலி அந்த வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் விழுகிறதா என்று பார்க்காமல் ஏற்பதில்லை.

ஆக, இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற படம் ஒரு தொடுகைப் பகுப்பாய்வு. அதை வரைந்தவர்கள் அணு வகையைக் கேட்டார்கள். எல்லை எங்கிருந்து வருகிறது என்று காட்டினார்கள். எல்லை ஒரு கோடாக இல்லாமல் ஒரு பட்டையாக இருப்பதை ஒப்புக்கொண்டு இரண்டு வரம்புகளையும் அச்சிட்டார்கள். 60 ஆண்டுகளுக்குப் பின், பல்லாயிரம் மடங்கு அதிகக் கணினி வலிமையோடு, எல்லா இணைக்கும் ஒரே எண், ஒரே கோடு என்று நாம் இறங்கி வந்திருக்கிறோம். இதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியாது.

கொலாஜன் கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று 1955இல் சொன்னது அப்படியே நிற்கவில்லை, நேரடியானது ஒன்றுதான். ஆனால் 1960களில் ராமச்சந்திரனும் உடனிருந்தவர்களும் இரண்டு கருத்துகளை முன்வைத்தார்கள். ஒன்று, நீர் மூலக்கூறு இடையில் நின்று இரு சங்கிலிகளைப் பிணைக்கலாம். மற்றொன்று, கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனை நோக்கி வலுக்குறைந்த பிணைப்பை ஏற்படுத்தலாம். இரண்டாவதைப் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1994இல் ஜோர்டி பெல்லாவும் மற்றவர்களும் கொலாஜன் போன்ற பெப்டைடின் படிக அமைப்பை வெளியிட்டபோது சங்கிலிகளைச் சுற்றி நீரின் வலை தெளிவாகத் தெரிந்தது. அதே அமைப்பில் கார்பன்–ஹைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்புகளுக்கான சான்றை 1996இல் பெல்லாவும் ஹெலன் பெர்மனும் காட்டினார்கள். நீர் வழியான தொடுகையையும், ஹைட்ரஜனின் திசையைப் பொறுத்த தொடுகையையும் பீட்டா கார்பன்களின் தூரம் எப்படிச் சொல்லும்? சொல்லாது. அந்த அளவையில் நீருக்கே இடமில்லை, ஹைட்ரஜனுக்கும் இடமில்லை.

8 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதிலும் நமக்குப் பங்குண்டு. 1970களின் பிற்பகுதியில் திருச்சியில் பி.கே. பொன்னுசாமியும் பி. மணவாளனும் ஒவ்வோர் அமினோ அமிலத்தைச் சுற்றியும் 8 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளத்தை வரைந்து, அதற்குள் இருக்கும் மற்ற அமினோ அமிலங்களின் நீர்வெறுப்பைக் கூட்டினார்கள். அது 1978இல் நேச்சரில் வந்தது. அவர்கள் கேட்ட கேள்வி ‘இது யாரைத் தொடுகிறது’ என்பதன்று. ‘இது எப்படிப்பட்ட சூழலில் வாழ்கிறது’ என்பது. சூழலைக் கேட்க 8 ஆங்ஸ்ட்ராம் பொருத்தமான அளவு. 1985இல் மியாசாவாவும் ஜெர்னிகனும் அமினோ அமில இணைகளுக்கு ஆற்றல் மதிப்பிட முயன்றபோது பக்கச் சங்கிலிகளின் மையங்களை எடுத்து 6.5 ஆங்ஸ்ட்ராம் என்றார்கள். 1998இல் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் மூவரும், எந்தப் புரதம் வேகமாக மடியும் என்பதற்குத் தொடுகைகளின் சராசரிச் சங்கிலித் தொலைவே பெரிய விடை என்று காட்டியபோது 6 ஆங்ஸ்ட்ராம் எடுத்தார்கள். 2001இல் மைக்கேல் குரோமிஹாவும் செல்வராஜும் அதே மடிப்பு வேகத்தை வேறு வழியில் கணித்தபோது, ஆல்ஃபா கார்பன்களுக்கிடையே 8 ஆங்ஸ்ட்ராம், ஆனால் சங்கிலியில் 12 இடத்துக்கு மேல் தள்ளியிருக்கும் இணைகள் மட்டும் என்று வைத்தார்கள். காஸ்ப் போட்டியில் பீட்டா கார்பன்களுக்கு 8; அது கணிப்புகளுக்கு மதிப்பெண் போடுவதற்கான தேர்வு விதி.

இவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கேள்விக்கு ஏற்ற அளவைச் செய்துகொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களைத்தான் சாட்சிக்கு அழைக்கிறேன். ஓர் எண் எல்லாவற்றுக்கும் போதும் என்றிருந்தால் இத்தனை எண்கள் பிறந்திருக்காது. தேர்வு விதியாகப் பிறந்ததை வேதியியல் உண்மையாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மருந்து பற்றும் இடம் வரை நீட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

அந்த எண் என்ன தவறுகிறது என்று ஓர் இணையை வைத்துப் பார்க்கலாம். ஆர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம், குளுட்டமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம். இரண்டின் பக்கச் சங்கிலிகளும் நீண்டவை. நுனிகள் 3 ஆங்ஸ்ட்ராமுக்குள் சேர்ந்து வலுவான உப்புப் பாலம் அமைக்கும்போது, அவற்றின் பீட்டா கார்பன்கள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பாலும் இருக்க முடியும். தொடுகை வரைபடத்தில் அந்த இடம் வெள்ளை. மறுபுறம், இரண்டு அலனின்கள் 7.5 ஆங்ஸ்ட்ராமில் எதிரெதிரே நின்றால் வரைபடத்தில் கறுப்பு. அலனினின் பக்கச் சங்கிலி என்பதே அந்த ஒரு பீட்டா கார்பன்தான். இரண்டு மெத்தில் தொகுதிகள் ஒன்றையொன்று தொட ஏறக்குறைய 4 ஆங்ஸ்ட்ராம் அருகில் வர வேண்டும். ஆக இடையில் இன்னோர் அணு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. உண்மையாகப் பற்றியிருப்பது விடுபடுகிறது, பற்றாதது சேர்கிறது.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் விடை எனக்குத் தெரியும்: ஒரு புரதத்தில் பிழை இருக்கலாம், ஆயிரக்கணக்கில் எடுத்தால் பிழைகள் சமப்பட்டுவிடும். தற்செயலான பிழைக்கு அது பொருந்தும். மேலே சொன்னது தற்செயலான பிழையா? நீண்ட, மின்னூட்டமுள்ள பக்கச் சங்கிலிகள் எப்போதும் குறைத்து எண்ணப்படுகின்றன. சிறியவை எப்போதும் கூட்டி எண்ணப்படுகின்றன. ஒரு பக்கமாகவே சாயும் பிழை, தரவு பெருகப் பெருக உறுதிப்படுமே தவிர மறையாது. 1996இல் பால் தாமஸும் கென் டில்லும் இதற்கு நெருங்கிய ஒரு சோதனை செய்தார்கள். ஆற்றல் மதிப்புகள் முன்கூட்டியே தெரிந்த எளிய மாதிரிப் புரதங்களை எடுத்து, தொடுகைகளின் புள்ளிவிவரத்திலிருந்து அந்த மதிப்புகளைத் திரும்பப் பெற முடிகிறதா என்று பார்த்தார்கள். கிடைத்தவை உண்மை மதிப்புகளாக இல்லை. ஓர் இணை அடிக்கடி சேர்ந்து காணப்படுவதற்கு அவை இரண்டும் ஒன்றையொன்று விரும்புவது காரணமாக இருக்கலாம். வேறு இணைகள் தள்ளியதால் அங்கே ஒதுங்கியிருக்கவும் கூடும். கூட்ட நேரப் பேருந்தில் தோள் உரச நிற்பவர்களை எண்ணி உறவுமுறை வகுப்பது போன்ற வேலை இது.

சரி, தொடுகையைச் சரியாகவே வரையறுத்து எண்ணிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அணுவுக்கு அணு தூரம், சரியான ஆரங்கள், எல்லாம் சரி. அப்போதாவது எண்ணிக்கை வலிமையைச் சொல்லுமா? 1995இல் டிம் கிளாக்சனும் ஜேம்ஸ் வெல்ஸும் மனித வளர்ச்சி ஹார்மோனும் அதன் ஏற்பியும் சேரும் பரப்பை எடுத்துக்கொண்டார்கள். படிக அமைப்பின்படி இரு பக்கத்திலும் சுமார் 30 பக்கச் சங்கிலிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. ஏற்பியின் பக்கத்தில் தொடும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அலனினாக மாற்றி, பிணைப்பு எவ்வளவு தளர்கிறது என்று அளந்தார்கள். பிணைப்பு ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல், இரண்டு டிரிப்டோஃபான்களை மையமாகக் கொண்ட நடுப்பகுதி ஒன்றிலிருந்து மட்டும் வந்தது. சுற்றியிருந்த மற்றவை தொட்டன. தொட்டும் பெரிதாக எதையும் தாங்கவில்லை. வரைபடத்தில் அவற்றுக்கும் டிரிப்டோஃபான்களுக்கும் ஒரே கறுப்பு. இந்த ஆய்வு வந்து 30 ஆண்டுகள் ஆகின்றன. அதைப் படித்த பிறகும் தொடுகைகளின் எண்ணிக்கையை முக்கியத்துவத்தின் அளவாகக் கொள்வதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

எனக்கு எதிராகப் பயன்படக்கூடிய ஒரு தரவையும் இங்கே வைக்க வேண்டும். அதே 1995இல் கிடியன் ஷ்ரைபரும் ஆலன் ஃபெர்ஷ்டும் பார்னேஸ், பார்ஸ்டார் என்ற இரு புரதங்களின் பிணைப்பை இரட்டைமாற்றுச் சுழற்சி என்ற முறையில் அளந்தார்கள். முதல் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றுவது, இரண்டாவதை மட்டும் மாற்றுவது, இரண்டையும் சேர்த்து மாற்றுவது. இந்த மூன்றின் விளைவுகளையும் ஒப்பிட்டால் அந்த இரண்டுக்கும் இடையே மட்டும் உள்ள உறவு தனியாக வெளிவரும். 7 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்த இணைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தன, அதற்கு அப்பால் இருந்தவை சாராமல் நடந்துகொண்டன என்பது முடிவு. ஆகவே தூரத்துக்குப் பொருளே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 7 ஆங்ஸ்ட்ராமுக்குள் உறவின் வலிமை எல்லா இணைக்கும் ஒன்றாக இல்லை. அதிகபட்சமாக மோலுக்கு 7 கிலோ கலோரி வரை போனது. தூரம் அருகில் இருப்பவர்களைக் காட்டியது, யார் எவ்வளவு தாங்குகிறார் என்பதைச் சோதனைதான் காட்டியது. அந்த 7ஐ அவர்கள் முன்கூட்டி வைத்துக்கொள்ளவில்லை, அளந்து கண்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி, நாம் எண்ணும் அந்த வடிவத்தைப் பற்றி. கோப்பில் ஒரு வடிவம் இருக்கிறது. புரதத்துக்கு ஒரே வடிவம்தான் என்று அதனால் ஆகிவிடாது. ஜான் கெண்ட்ரூ முதன்முதலில் தீர்த்த மயோகுளோபினே இதற்குச் சான்று. தசையில் ஆக்சிஜனைச் சேமித்து வைப்பது அதன் வேலை. அதன் படிக வடிவத்தில் அணுக்களை அவற்றின் முழு அளவில் வரைந்து பார்த்தால், ஆக்சிஜன் உள்ளே போவதற்கு வழியே கிடையாது. வாசலில் ஹிஸ்டிடின் ஒன்று அடைத்து நிற்கிறது. அந்த ஹிஸ்டிடினின் தொடுகைகளை எண்ணினால் அழகான, நெருக்கமான எண்கள் வரும். அந்தத் தொடுகைகள் விட்டு விலகி மீண்டும் சேர்ந்துகொண்டே இருப்பதால்தான் மயோகுளோபின் வேலை செய்கிறது. ஒரு தொடுகை எவ்வளவு நேரம் இருக்கிறது, எத்தனை முறை விடுகிறது என்ற கேள்வியை ஒற்றை வடிவத்திடம் கேட்கவே முடியாது.

படிகங்களைப் பெரும்பாலும் 100 கெல்வின் குளிரில் வைத்துத்தான் அளக்கிறார்கள். கதிர்வீச்சின் சேதத்தைக் குறைக்க அது தேவை. ஆனால் 2009இல் ஜேம்ஸ் ஃப்ரேசர், டாம் ஆல்பர் உள்ளிட்டோர் சைக்ளோஃபிலின் ஏ என்ற நொதியை அறை வெப்பநிலையில் அளந்தபோது, குளிரில் மறைந்திருந்த மாற்று நிலைகள் செயல்மையத்தில் தெரிந்தன. நொதி வேலை செய்ய அவை தேவைப்பட்டன. இன்னும் தீவிரமான நிகழ்வுகளும் உண்டு. ஈ. கோலை பாக்டீரியாவின் ஆர்எஃப்ஏஹெச் புரதத்தில் வால்பகுதி, தலைப்பகுதியோடு ஒட்டியிருக்கும்போது ஆல்ஃபா சுருள்களாக இருக்கிறது. விடுபட்டதும் முழுக்கப் பீட்டா தகடுகளாக மாறிவிடுகிறது. இது 2012இல் நிறுவப்பட்டது. ஒரே அமினோ அமில வரிசை, முற்றிலும் வேறான இரண்டு தொடுகைப் பட்டியல்கள். ‘இந்தப் புரதத்தின் தொடுகைகள் எவை’ என்பதற்கு, எப்போது, யாரோடு இருக்கும்போது என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல வழியில்லை.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டே தொடுகை வரைபடங்களின் வழியில்தானே வந்தது, 8 ஆங்ஸ்ட்ராம் பொய் என்றால் இத்தனை வெற்றி எப்படிக் கிடைத்தது என்பது அது. வரலாற்றைச் சரியாகப் படித்தால் இந்த வாதம் என் பக்கம் திரும்பும். பல உயிரினங்களில் உள்ள ஒரே குடும்பப் புரதங்களின் வரிசைகளை அடுக்கினால், ஓரிடத்தில் மாற்றம் வரும்போது வேறோரிடத்திலும் சேர்ந்து மாற்றம் வருவதைக் காணலாம். அந்த இரண்டு இடங்களும் வடிவத்தில் அருகருகே இருக்க வாய்ப்பு அதிகம். 1990களில் முளைத்த இந்த எண்ணம் நெடுங்காலம் சரியாக வேலை செய்யவில்லை. காரணம், முதல் இடம் இரண்டாவதோடும் இரண்டாவது மூன்றாவதோடும் சேர்ந்து மாறினால், முதலுக்கும் மூன்றாவதுக்கும் நேரடி உறவு இருப்பதுபோல் கணக்கு காட்டிவிடும். 2009க்குப் பிறகு நேரடி உறவையும் வழிவந்த உறவையும் பிரித்தெடுக்கும் முறைகள் வந்தபின்தான் அது பலித்தது. சேர்ந்து தோன்றுவது வேறு, உண்மையான பிணைப்பு வேறு என்று பிரித்த நாளில்தான் முன்னேற்றம் தொடங்கியது.

அடுத்த பாய்ச்சலும் அப்படியே. 2018இல் காஸ்ப் 13ஆம் சுற்றில் முதல் ஆல்ஃபாஃபோல்ட் வென்றபோது, அது உண்டு–இல்லை என்ற தொடுகையோடு நிற்கவில்லை. ஒவ்வோர் இணைக்கும் எந்தத் தூரம் எவ்வளவு சாத்தியம் என்று ஒரு பரவலையே கணித்தது. 2021இல் விவரமாக வெளியான அடுத்த பதிப்பு அதையும் தாண்டி அணுக்களின் இடங்களையே நேராகக் கணித்தது. ஆக, நாம் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் முறையே கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைப் போதாதென்று கடந்து போய்விட்டது. அது தந்த நுண்மையான வடிவத்தை எடுத்து, அது கைவிட்ட அதே புள்ளிகளாக மீண்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நாம்தான்.

அந்த வடிவத்தோடு அது தரும் எச்சரிக்கைகளையும் நாம் வாசிப்பதில்லை. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை நம்பக மதிப்பு தரப்படுகிறது. 50க்குக் கீழே உள்ள பகுதிகளை வடிவம் என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது, அவற்றில் பல இயல்பிலேயே மடியாமல் அலைபவை. இரண்டு பகுதிகளின் இடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நிச்சயமானவை என்பதற்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் பிழை பெரிது என்று சொல்லும் இரண்டு பகுதிகளுக்கிடையே தொடுகைகளை எண்ணி, அதன்மேல் ஓர் அத்தியாயம் எழுதினால், அந்த அத்தியாயத்துக்கு அடியில் தரை இல்லை.

ஆய்வேட்டைப் பரிசோதிப்பவர்கள் கேட்க வேண்டியவை பெரிய தத்துவக் கேள்விகள்கூடக் கிடையாது. எல்லையை 8இலிருந்து 7ஆகவும் 9ஆகவும் மாற்றினால் உன் முடிவு நிற்கிறதா? அணுக்களைக் கொண்டு எண்ணினாயா, அமினோ அமிலத்துக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணினாயா? அஸ்பராஜின், குளுட்டமின், ஹிஸ்டிடின் ஆகியவற்றின் நுனிகளில் எது நைட்ரஜன், எது ஆக்சிஜன் அல்லது கார்பன் என்று எக்ஸ் கதிர்ப் படம் பெரும்பாலும் பிரித்துக் காட்டாது. தலைகீழாக வைக்கப்பட்டவற்றைத் திருப்பிச் சரிபார்த்தாயா? நீ எண்ணிய தொடுகை உயிருள்ள செல்லில் இருப்பதா, படிகம் அடுக்கும்போது பக்கத்து மூலக்கூறோடு நேர்ந்ததா? இவற்றுக்கு விடை வைத்திருக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஏடுகளில் தொடுகைகளின் எண்ணிக்கை குறைவாகவும் அவற்றைப் பற்றிய பேச்சு அதிகமாகவும் இருக்கும்.

இது ஆய்வுக்கூடச் சண்டை மட்டும் என்று நினைப்பவர்களுக்காக ஒரே ஒரு தொடுகையைச் சொல்கிறேன். அரிவாள் செல் ரத்தசோகை இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நீலகிரி. 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் அங்கே பழங்குடி மக்களிடையே அதன் கூறு இருப்பதை எழுதினார்கள். இன்றும் அங்கே அந்த நோயோடு குடும்பங்கள் வாழ்கின்றன. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் உள்ள 146 அமினோ அமிலங்களில் 6ஆவது மட்டும் மாறியிருக்கிறது: குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். இதைக் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் 1950களின் நடுவில் கண்டுபிடித்தார். அந்த வாலின் மூலக்கூறின் வெளிப்பரப்பில் இருக்கிறது. அதன் சொந்த மூலக்கூறுக்குள் தேடினால் நோய்க்கான தொடுகை எதுவும் அகப்படாது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில்தான், பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85ஆவது ஃபினைல் அலனினும் 88ஆவது லூசினும் அமைக்கும் குழிக்குள் இந்த வாலின் போய்ப் பொருந்துகிறது. ஆக்சிஜன் ஏறியிருக்கும்போது குழி அதற்கு ஏற்றதாக இருப்பதில்லை. ஒரு மூலக்கூறில் இப்படி இரண்டு வாலின்கள் இருந்தாலும் ஒன்றுதான் இந்தப் பொருத்தத்தில் ஈடுபடுகிறது. அதிலிருந்து இழை வளர்கிறது, ரத்தச் சிவப்பணு வளைகிறது, நுண்குழாய் அடைக்கிறது, குழந்தை வலியில் துடிக்கிறது.

இந்த இடத்தில் 8 ஆங்ஸ்ட்ராம் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். பீட்டா கார்பன் குளுட்டமிக் அமிலத்திலும் வாலினிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, முதன்மைச் சங்கிலியும் மாறவில்லை. நலமான ஹீமோகுளோபினின் வரைபடமும் நோயுற்றதன் வரைபடமும் ஏறக்குறைய ஒன்றே. பக்கத்து மூலக்கூறைச் சேர்க்கவில்லை என்றால், ஆக்சிஜன் இறங்கிய நிலையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், பக்கச் சங்கிலி எந்த வகை என்று கேட்கவில்லை என்றால், இந்த நோய்க்கு அந்தப் படத்தில் சுவடே கிடையாது.

கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி இருக்கிறது. அது கலந்திருக்கும்போது இழை வளர்வது தடைப்படுகிறது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை பலன் தருவதும் பெருமளவு காமா சங்கிலியைக் கூட்டுவதால்தான். காமா சங்கிலியின் 87ஆவது இடத்தில் குளுட்டமின் இருக்கிறது. பீட்டா சங்கிலியில் அங்கே த்ரியோனின். 85க்கும் 88க்கும் நடுவே, அந்தக் குழியை ஒட்டிய இடம் அது. பெரியவர்களின் பீட்டா சங்கிலியில் அந்த ஒரு த்ரியோனினை மட்டும் குளுட்டமினாக மாற்றிய மரபணுவை நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களில் சேர்க்கும் சிகிச்சை 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குளுட்டமினின் பீட்டா கார்பனும் த்ரியோனினின் பீட்டா கார்பனும்கூட ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. நோயைக் காட்டாத அதே வரைபடம் இந்தச் சிகிச்சையையும் காட்டாது. அந்த 87ஆவது இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் எந்தச் சங்கிலி, எந்த நிலையில், எந்த மூலக்கூறோடு, எந்த அணுக்களால் பற்றுகிறது என்று கேட்டு வந்தவர்கள்.